காரணம் சொன்னால் சாவி தருவேன்

21 ஓகஸ்ட், வியாழன்

சோளகக் காற்று அடிக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடை மறுபக்கம் மடிந்துவிட்டது. ஒரு கையில் குடைக்கம்பி, மற்றக் கையில் சேலைத் தலைப்பு. அப்படியே புதிய சுகாதாரப் பணிமனைக்குள் போய் நின்றேன். இடமாற்றத்தின் முதல் நாள்.

எனக்குக் கிடைத்த பிரிவு வேலணைப் பக்கம். வீடுகள் நிறைய, ஆட்கள் குறைவு. டொக்டர் நல்ல மனிதர் போலத்தான். ஆனால் முதல் வசனமே இது: "மிஸ்ஸி, பிரிவுக்குள்ளைதான் இருக்கோணும். ரவுணிலை இருந்து வந்து போறது சரிவராது." குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மருத்துவிச்சி, என்றால் அப்படித்தான், தெரிந்துதான் வந்தேன். நேரம் கெட்ட நேரத்தில் ஒருத்திக்கு நோவு கண்டால் நான் யாழ்ப்பாணத்தில் பஸ்சுக்கு நின்றுகொண்டிருக்க முடியாது. எங்களுக்கான விடுதியின் கூரையைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். திருத்த வேலையாம். எப்போது முடியும் என்று கேட்டேன். சிரித்தார்கள்.

ஆக, வீடு. செப்ரெம்பர் முதலாம் திகதி பள்ளித் தவணை தொடங்குவதற்குள். அதுவரை யாழ்ப்பாணத்தில், கூடப் படித்த ஒருத்தியின் வீட்டு அறையில்.

கவி வவுனியாவில் என் அக்காவுடன். ஏழு வயது. மாற்றம் என்று தெரிந்த நாளில் இருந்து "வீடு கிடைச்சிட்டுதோ அம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று கேட்கவில்லை. "சாப்பிட்டன்" என்றாள், போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டு அழுதால் சமாளிப்பேன். கேட்காமல் விட்டதை எப்படிச் சமாளிப்பது?

வீட்டில் வேண்டியவை:
– நல்ல தண்ணீர்க் கிணறு. இல்லாவிட்டால் தண்ணீர் பவுசர் லொறி வரக்கூடிய ஒழுங்கை
– பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரம்
– பக்கத்து வீட்டில் ஆள் (பிரசவத்துக்குப் போக நேர்ந்தால் கவியைப் பார்க்க)
– பூட்டு ஒழுங்காக விழுகிற கதவு
– பாம்பு இல்லாமல்

கடைசியைப் பார்த்து "அது பேராசை" என்றார் யோகா அக்கா. பணிமனையில் கிளாக்கர். இந்த ஊர்க்காரி, ஐம்பது வயது, வயல் காணி உள்ள குடும்பம், வாய் ஓயாது. நாளைக்கு ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீடு காட்டுகிறேன் என்றிருக்கிறார். "பூட்டிக் கிடக்கிற வீடெல்லாம் உமக்குத்தான்" என்றார். நல்ல மனசு.

22 ஓக., வெள்ளி

காற்று குறையவில்லை. இரண்டு மணிக்குப் பிறகு யோகா அக்காவோடு.

பூட்டிய வீடு, பூட்டிய வீடு, பூட்டிய வீடு. கேற்றில் பெரிய பூட்டு, உள்ளே மாபிள் தரை, முற்றத்தில் முழங்கால் உயரப் புல். சொந்தக்காரர் கனடா, பிரான்ஸ், லண்டன். திருவிழாவுக்கு வந்து பெயின்ற் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாவி யாராவது ஒரு பெரியம்மாவிடம்.

முதல் வீடு. சாவி வைத்திருப்பவர் கதிரை எடுத்துப் போட்டார். சிரித்த முகம்.

"பிள்ளை எவடம்?"

"பருத்தித்துறைப் பக்கம்."

"அங்கை எவடம்?"

சொன்னேன்.

"எந்தக் கோயிலடி?"

அதையும் சொன்னேன். பதில் பிழைக்கக்கூடிய பரீட்சை என்று தெரிந்தும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் எழும்பிப் போய்விட்டது. "வீடு குடுக்கிற யோசினை இப்ப இல்லைப் பிள்ளை. பிறகு பாப்பம்."

இரண்டாம் வீடு நாரந்தனைப் பக்கம். அதே பாடம். மூன்றாவதில் கோயிலடி வரைக்கும் போகவில்லை, "ஆற்றை மோள்?", யாருடைய மகள் என்று நேராகவே கேட்டார்கள். அது கொஞ்சம் நேரம் மிச்சம்.

வெளியில் இருந்து வருபவர்கள் விலாசம் கேட்கிறார்கள் என்று நினைப்பார்கள். விலாசமா கேட்கிறார்கள்? ஊர், ஊரில் பக்கம், பக்கத்தில் கோயில், கோயிலில் யாருடைய பிள்ளை. அரிதட்டில் அரித்து அரித்துக் கடைசியில் தட்டில் என்ன நிற்கிறது என்று பார்க்கிறார்கள். சாதி என்ற சொல் மட்டும் வராது. வாய் வெந்துவிடும்.

எரிச்சல் எரிச்சலாக வருகிறது. வன்னியில் செல் குண்டு விழுந்தபோது பங்கருக்குள் யாரும் எவடம் என்று கேட்கவில்லை. "இன்னும் ஒராள் வரலாம், நெருங்கி இருங்கோ" என்றுதான் சொன்னார்கள்.

யோகா அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லையா, விளங்காத மாதிரி இருக்கிறாரா தெரியவில்லை. "வேறை வீடு பாப்பம், இஞ்சை வீட்டுக்கோ பஞ்சம்" என்றார்.

கவியின் அப்பா கட்டாரில் இருந்து போன் எடுத்தார். வெள்ளி என்றால் லீவு. நடந்ததைச் சொன்னேன்.

"உமக்கு என்ன விசரே? என்ரை மாமான்ரை விலாசத்தைச் சொல்லும். ஆர் போய்ப் பாக்கப்போறாங்கள்?"

"நான் என்ன களவெடுத்தனானோ பொய் சொல்ல?"

"பிள்ளைக்காகச் சொல்லும்."

போனை வைத்துவிட்டேன். பிள்ளைக்காகவாம். பிள்ளைக்கும் அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதை யோசிக்கமாட்டார்.

24 ஓக., ஞாயிறு

வெயில். பஸ் நிறைய நயினாதீவுக்குப் போகிற சனம், பூ, மாலை, தேங்காய். நின்றுகொண்டே வந்தேன். சாட்டிக் கடற்கரையில் ரவுணில் இருந்து வந்த வான்கள் வரிசையாக. பாட்டு, சோடா, பிள்ளைகள் தண்ணீருக்குள் கத்துகிறார்கள். அந்தப் பிள்ளைகள் மேலும் கோபம் வந்தது. அவ்வளவுக்கு ஆகிவிட்டேன்.

ஊர்காவற்றுறைப் பக்கம், கரையோரம் ஒரு தெரு. கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள். கிளினிக்கில் ஒரு தாய் சொல்லித் தனியாகத்தான் போனேன். றெஜினா அக்கா வீடு. முன் அறையில் வலை, வள்ளத்தின் வெளி இயந்திரம், மண்ணெண்ணெய் மணம். பின்னால் தனி வாசலோடு இரண்டு அறை. ஓடு புதிது. ஜன்னலைத் திறந்தால் கடல்.

"நீங்கள் வேதமோ, சைவமோ?"

கிறிஸ்தவமோ சைவமோ என்று, முகத்துக்கு நேரே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சைவம்."

"எத்தினை நாள் மீன், மச்சம் இல்லை?"

"வெள்ளி மட்டும்."

"அப்பச் சரி. வெள்ளி எங்களுக்கும் இல்லை."

பிறகு கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆனா இப்ப ஏலாது பிள்ளை. தங்கச்சிக்குத் தையிலை கலியாணம். அதுவரைக்கும் பிரான்சிலை இருந்து சனம் வந்து நிறையும். தை முடிய வாங்கோ, உங்களுக்குத்தான்." மீன் குழம்பு ஊற்றிப் பாண் தந்தார். இல்லை என்பதை இல்லை என்று சொல்ல முடிகிறது மனிதருக்கு. ஆனால் தை மாதம் வரைக்கும் கவி வவுனியாவில் இருக்க முடியாது.

மாலை யோகா அக்காவுக்குப் போனில் சொன்னேன். "நல்லதாப் போச்சு. அவடம் உமக்குச் சரிவராது."

"ஏன்?"

"சரிவராது."

இவருக்கும் அதே நோய்தான். சரிவராது, பிறகு பார்ப்பம், குறை நினையாதையும். இந்த மூன்றையும் வைத்தே ஒரு ஊர் முழுவதையும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

26 ஓக., செவ்வாய்

வீடு கிடைத்துவிட்டது!!

அம்மன் கோயிலடியில் இருந்து இரண்டாம் ஒழுங்கை. மூன்று அறை, குசினி, சீமெந்துக் கட்டுப் போட்ட கிணறு, தண்ணீர் இனிப்பு. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். பக்கத்து வளவிலேயே சாவிக்காரி பராசக்தி அன்ரி, மகன், கர்ப்பிணி மருமகள் (என் பிரிவுதான், ஏழாம் மாதம்). சொந்தக்காரர் ரொறன்ரோவில், ஞானம் என்று பெயர்.

மத்தியானம் போனோம். அனல். கேற்றடியில் ஸ்கூட்டியை நிற்பாட்டியதும் யோகா அக்கா "தண்ணி விடாய்க்குது" என்று என் பையில் இருந்த போத்திலை எடுத்து, வாய் வைத்து மடமடவென்று பாதியைக் குடித்தார். அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து கேற்றைத் திறந்தார்.

எவடம் என்று கேட்கவில்லை! கோயிலடி இல்லை, ஆற்றை மோள் இல்லை. பிள்ளை எத்தனையாம் ஆண்டு, மனுசன் எங்கே, சைக்கிள் ஓடத் தெரியுமா, இவ்வளவுதான். அறை அறையாகக் காட்டினார். "கூரை அந்தமாதிரி இருக்கு, ஒரு சொட்டு ஒழுகாது." தேத்தண்ணீர் வந்தது, பூப்போட்ட பீங்கான் கோப்பையில். முற்பணம் கொடுத்தேன், சாவியைக் கையில் வைத்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பது இதுதான்.

எல்லாரும் அப்படி இல்லை. நான்தான் ஊரையே சேர்த்துத் திட்டிவிட்டேன்.

கவிக்குச் சொன்னேன். "கிணறு இருக்கோ?" "ஓம்." "மீன் விடலாமோ?" "ஓம்." அரை மணித்தியாலம் போனை விடவில்லை.

28 ஓக., வியாழன்

அரை நாள் லீவு. கிணறு இறைப்பித்தாயிற்று. கோழிக்குஞ்சு ஒன்றின் எலும்பும் ஒரு ரப்பர் பந்தும் வந்தது. மீன் குஞ்சு நாளைக்கு. நிலம் கழுவினேன். முதுகு முறிந்துவிட்டது.

வாங்க: விளக்குமாறு, கயிறு, வாளி (இரண்டு), மண்ணெண்ணெய் அடுப்புத் திரி, கவிக்கு வெள்ளைச் சப்பாத்து, நுளம்பு வலை.

பள்ளிக்கூடத்தில் பேசியாயிற்று. திங்கள் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

ஆறு மணிக்கு ரொறன்ரோவில் இருந்து ஞானம் அண்ணை. வீட்டுக்காரர் என்ற முறையில் பேசுகிறாராம். நல்ல பேச்சு. சுவரில் ஆணி அடிக்க வேண்டாம், அலுமாரியை நகர்த்த வேண்டாம், சரி, சரி. முடிக்கும்போது:

"தங்கச்சி சொந்த இடம் எவடம்?"

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கவியின் அப்பா சொன்ன, அவருடைய மாமாவின் விலாசம். சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. ஊர், பக்கம், கோயில், அப்பாவின் பெயர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவருக்கு அரிக்கிற வேலை வேண்டாம் என்று.

"ஆ… ஓகே. ஓகே ஓகே. அப்ப வைக்கிறன்."

ஓகே மூன்று தரம். 

29 ஓக., வெள்ளி

கிளினிக். பராசக்தி அன்ரியின் மருமகள் வந்தாள். இரத்த அழுத்தம், நிறை, குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் பார்த்தேன். செவ்வாயன்று "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று சிரித்தவள் இன்று கூரை முகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தாள். எழும்பும்போது மெதுவாக, "மாமி உங்களை வரச் சொன்னவ." பாவம், அவளுக்கும் வெட்கம்.

பின்னேரம் போனேன். அன்ரி கதிரை போட்டார். தேத்தண்ணீர் வரவில்லை. சோடா வந்தது. மூடி உடைக்காத போத்தல், கடையில் வாங்கியது, பக்கத்தில் திறப்பான். பூப்போட்ட கோப்பைகள் அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியபடி இருந்தன.

அந்தப் போத்தலைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. சோடாவை நான் குடித்தால் போத்தல் கடைக்குப் போகும். கோப்பை வீட்டில் கிடக்கும்.

"குறை நினையாதையும் பிள்ளை. ஞானத்துக்கு வீடு வேணுமாம், திருவிழாவுக்கு."

"திருவிழா முடிஞ்சுதானே அன்ரி அவை போனவை?"

"அடுத்த திருவிழாவுக்கு."

அடுத்த வருசத் திருவிழா! சாமிக்கே தெரியாது அது எப்போது என்று.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரிச் சொன்னார்: "யோகா உம்மடை போத்திலிலை வாய் வச்சுக் குடிச்சவ. அதாலைதான் நான் ஒண்டும் கேக்கேல்லை."

இதற்காகவா! வீடு எனக்குக் கிடைத்தது என் வேலைக்காக இல்லை, முகத்துக்காக இல்லை, பிள்ளைக்காக இல்லை. யோகா அக்காவின் உதடு என் போத்திலில் பட்டதற்காக. அவர் குடித்தால் நான் அவர் ஆட்கள். அவ்வளவுதான் கணக்கு.

சோடாவைத் தொடாமல் எழும்பினேன். ஞாயிறு காலை சாவியைத் தரச் சொன்னார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

யோகா அக்கா வீட்டுக்குப் போனேன்.

"உங்களுக்குத் தெரியுமோ அக்கா, நான் ஆரெண்டு?"

"முதல் நாளே தெரியும். நான் அதெல்லாம் பாக்கிறேல்லை."

"அப்ப அன்ரியிட்டைச் சொல்லுங்கோ, பாக்க வேண்டாமெண்டு."

"நான் என்னெண்டு சொல்லுறது? ஊரிலை இருக்கிறனான்."

பார்க்கிறதில்லையாம். என்ன பெரிய மனசு! பார்க்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்கமாட்டார், தான் மட்டும் பார்க்கமாட்டார். இதைவிட அன்ரி மேல். அவர் பார்க்கிறார் என்றாவது தெரிகிறது.

இந்த ஊரில் நான் போகாத வீடு இருக்கப்போவதில்லை. பெற்ற பிள்ளையைத் துடைத்துத் தூக்கி என் கையில் தருவார்கள். பால் கட்டினால் மார்பைக் காட்டுவார்கள். தையல் புண்ணைக் காட்டுவார்கள். புருசனுக்குச் சொல்லாததை எனக்குச் சொல்லுவார்கள். கிணற்று வாளியை மட்டும் தரமாட்டார்கள்.

கவியின் அப்பா எடுத்தார். "நான் சொன்னனான்தானே" என்றார். கேட்கவில்லை, வைத்துவிட்டேன்.

என் அக்கா ஞாயிறு காலை பஸ் ஏறுகிறாளாம் கவியோடு. வர வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தேன். கவி எடுத்தாள். "அம்மா, புத்தகப் பை கட்டியாச்சு." சொல்லவில்லை.

31 ஓக., ஞாயிறு

 இதை இன்றைக்கே எழுத வேண்டும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அக்காவையும் கவியையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். நேற்று முழுக்க யோசித்தேன், சாவியைக் கொடுத்துவிட்டு ரவுணில் எங்காவது அறை எடுக்கலாமா என்று. டொக்டரிடம் கெஞ்சலாமா என்று. பாலத்தில் கவி தலையை வெளியே நீட்டி "அம்மா கடல், அந்தப் பக்கமும் கடல்" என்று கத்தினாள். அப்போதுதான் முடிவெடுத்தேன். சாவி கேட்டால் காரணம் கேட்பது. உண்மையான காரணத்தை யாராவது வாயால் சொன்னால் அந்த நிமிசமே கொடுத்துவிட்டுப் போவது. அதுவரை இல்லை.

கேற்றடியில் அன்ரி. கூட மகன். யோகா அக்காவும் நின்றார், சமாதானம் பேச அழைத்திருப்பார்கள். வேலிக்கு மேலால் அயலில் நாலைந்து தலை.

"சாவியைத் தாரும் பிள்ளை."

"தாறன் அன்ரி. என்ன காரணம்?"

"சொன்னனான்தானே, திருவிழாவுக்கு."

"அதுக்கு முதல் நாங்கள் எழும்பிப் போறம்."

"கூரை திருத்தோணுமாம்."

"ஒரு சொட்டு ஒழுகாது எண்டு நீங்கள்தானே காட்டினனீங்கள்?"

"வளவுக்குள்ளை பாம்பு, சின்னப் பிள்ளையோடை…"

"பாம்பு எவடமெண்டு கேக்காது அன்ரி."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அன்ரியின் மகன் போனை எடுத்து ரொறன்ரோவுக்கு அழைத்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். போட்டான்.

"தங்கச்சி, நீங்கள் படிச்சனீங்கள். உங்களுக்கு விளங்கும்தானே."

"விளங்கேல்லை அண்ணை. எல்லாரும் நிக்கினம், எல்லாருக்கும் கேக்குது. நீங்கள் வாயாலை சொல்லுங்கோ. என்னத்துக்கு எனக்கு வீடு இல்லை? சொன்னீங்களெண்டால் இப்பவே சாவியை அன்ரின்ரை கையிலை வைப்பன்."

  பின்னால் ஒரு பிள்ளை இங்கிலிஷில் ஏதோ கேட்டது. பிறகு, "லைன் கிளியர் இல்லை… அன்ரியோடை கதையுங்கோ." வெட்டிவிட்டார்.

"அன்ரி, நீங்கள் சொல்லுங்கோ."

அன்ரி மகனைப் பார்த்தார். மகன் நிலத்தைப் பார்த்தான்.

"யோகா அக்கா, நீங்கள்?"

யோகா அக்கா ஸ்கூட்டியின் பிறேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அதற்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் பிடிக்கிறது.

அன்ரி கிட்ட வந்தார். குரலைத் தணித்து, உண்மையிலேயே கெஞ்சலாக: "பிள்ளை, நானும் சொல்லமாட்டன், அவரும் சொல்லமாட்டார். நீரே விளங்கிக்கொண்டு போனால் எல்லாருக்கும் மரியாதை."

"மரியாதையை நீங்கள் வச்சிருங்கோ அன்ரி. சாவியை நான் வச்சிருக்கிறன்."

இதைச் சொன்னது நான்தானா?  கதவைத் திறக்கும்போது சாவியைத் தலைகீழாகப் போட்டேன். அக்காதான் வாங்கித் திறந்தாள். வாய் நிறையத் திட்டினாள், அவர்களை இல்லை, என்னை: "உனக்குத் தலைக்கனம். பிள்ளையைக் கொண்டுவந்து நெருப்புக்குள்ளை வைக்கிறாய்." பிறகு குசினிக்குள் போய் அரிசி கழுவினாள்.

அவள் சொல்வதும் சரி. அயலில் ஆள் வேண்டும் என்று வீடு தேடியவள் நான். இப்போது அயல் முழுக்க ஆள், நான் பிரசவத்துக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஒருவரும் இல்லை. அக்கா ஒரு மாதம் நிற்கிறேன் என்கிறாள். அதற்குப் பிறகு? தெரியாது. பொலிசுக்குப் போவார்களா, கரன்ற் வெட்டுவார்களா, தெரியாது. பொலிசுக்குப் போனாலும் காரணம் சொல்லத்தானே வேண்டும்.

கவி கிணற்றுக்குள் மீன் விட்டாள். "தண்ணி நல்லா இருக்கம்மா" என்றாள்.

1 செப்., திங்கள்

கிளினிக்கில் இருந்து எழுதுகிறேன், மத்தியானம், ஆள் இல்லாத நேரம்.

காற்று விழுந்துவிட்டது. காலையில் இலை அசையவில்லை. அக்கா புட்டு அவித்தாள். கவிக்குத் தலை இழுத்து இரட்டைப் பின்னல்.

ஏழு மணிக்குக் கேற்றடியில் ஓர் ஐயா. ஞானம் அண்ணையின் மச்சானாம், இளைப்பாறிய வாத்தியார். வெள்ளை வேட்டி, கையில் குடை. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பிள்ளை, நான் உம்மடை நல்லதுக்குத்தான் வந்தனான். அயலிலை ஆக்கள் கதைக்கினம்."

"என்ன கதைக்கினம் ஐயா?"

"கதைக்கினம்."

"என்னெண்டு?"

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கவி பல் துலக்கியபடி வந்து, என் பக்கத்தில் நின்று, வாய் முழுக்க நுரையோடு அவரை அண்ணாந்து பார்த்தாள். கதை சொல்லப்போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அவரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை எத்தினையாம் ஆண்டு?"

"ரெண்டு."

"ஆ. நல்லாப் படிக்கோணும்." குடையை மற்றக் கைக்கு மாற்றினார். கேற்றைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

எனக்கு வெற்றி என்றுதான் இருந்தது. உள்ளுக்குள் சிரித்தேன். ரொறன்ரோவுக்கும் சொல்ல முடியவில்லை, வாத்தியாருக்கும் சொல்ல முடியவில்லை. இந்த ஊரில் ஒருவருக்கும் முதுகெலும்பு இல்லை என்று நினைத்தபடி சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கவி வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"அம்மா, அந்தத் தாத்தா என்ன சொல்ல வந்தவர்?"

"ஒண்டுமில்லை."

"நேற்று வந்தவையும் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, சொல்லுங்கோ எண்டு கேட்டீங்கள்."

"ஓம்."

"எங்களை ஏன் போகச் சொல்லினம்? நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

நான் குனிந்து அவளுடைய சப்பாத்து வாரை இழுத்தேன். ஒரு சொல்தான். நேற்று அத்தனை பேரை நிற்க வைத்து வாயால் சொல்லுங்கோ என்று கேட்டேனே, அந்தச் சொல்தான். அவள் என் தோளில் கை வைத்துக்கொண்டு, பொறுமையாக, பதிலுக்கு நின்றாள்.

"மற்றக் காலைத் தா" என்றேன். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."